இரண்டாவது இருக்கை

முதலியார்பேட்டை வாசகர் ஒருவர் இம்மாதம் ஒரு வினா விடுத்துள்ளார். பிரான்சில் வாழும் அவருடைய மைத்துனர், இருவர் அமரத்தக்க பழைய சிறு விமானம் ஒன்று மலிவாக வருகிறது என்று எழுதியிருக்கிறாராம். “கார் விலைக்கு விமானம் கிடைக்குமானால் வாங்குவதில் தவறென்ன?” என்று கேட்கிறார். வாங்குவதில் தவறில்லை. ஆனால், வாங்குவது இன்னதென்று அறிந்து வாங்க வேண்டும்.

அல்ட்ராலைட் எனப்படும் இவ்வகை விமானம் மிக எளிய அமைப்புடையது. அலுமினியக் குழாய்களை மரையாணிகளால் பிணைத்து, அதன்மேல் பாலியெஸ்டர் துணியைப் போர்த்தியிருப்பார்கள். பிரான்சிலும் பிரிட்டனிலும் பலர் ஓட்டிய ‘எக்ஸ்-ஏர்’ என்னும் இரு இருக்கை விமானம் நம் பெங்களூரில் உருவானதாகும். அதனைச் செய்த ராஜ் ஹம்சா நிறுவனத்தைத் தொடங்கியவர் ஜோயல் கெக்லின் என்ற பிரெஞ்சுக்காரர். இத்தகைய சிறு விமானமொன்றில்தான் 1988-இல் ரேமண்ட் துணி நிறுவனத்தின் விஜய்பத் சிங்கானியா லண்டனிலிருந்து இந்தியாவுக்குத் தனியாகப் பறந்து வந்தார். ஆகவே, இதனை விளையாட்டுப் பொருளென இகழ்வதற்கில்லை.

துணியின் இயல்பு முதலியார்பேட்டைக்குப் புதிதன்று. 1898-இல் தோன்றி 2020-இல் மூடப்பட்ட ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையை அறிந்த ஊர் அது. நெடுநாள் வெயிலில் கிடந்த துணி, பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் நூலில் வலுவிழந்திருக்கும். சிறகுத் துணியும் அப்படித்தான். பிரிட்டனில் இதனைச் சோதிக்க ‘பெட்ஸோமீட்டர்’ என்றொரு கருவி உண்டு. மெல்லிய ஊசியைத் துணியிற் கோத்து வில்தராசினால் இழுப்பார்கள். 1,360 கிராம் இழுப்பைத் தாங்காமல் கிழியுமானால் அத்துணி பறப்பதற்கு உதவாது. தையல் நூலையும் இவ்வாறே சோதிப்பார்கள். நம் கடற்கரை ஊர்களிலோ உப்புக் காற்று வேறு குழாய்களையும் ஆணிகளையும் அரிக்கும். ஆதலின் கொட்டகையும் வாங்கும் செலவைச் சேர்ந்ததே.

அடுத்தது எஞ்சின். பழைய எக்ஸ்-ஏர் பலவற்றில் ‘ரோட்டாக்ஸ் 582’ என்னும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கும். 300 மணி நேரம் அல்லது 5 ஆண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது அதனைப் பிரித்துச் செப்பனிட வேண்டும். எனவே, “அதிகம் ஓடாத எஞ்சின்” என்று விற்பவர் கூறினால் மகிழ்ந்துவிடக் கூடாது. பத்தாண்டு சும்மா கிடந்த எஞ்சினும் முதிர்ந்ததே. இந்த எஞ்சின் திடீரென நின்றுவிடக்கூடும் என்று அதனைச் செய்தவர்களே கையேட்டில் எச்சரித்துள்ளனர். நின்றால் எங்கே இறங்குவது என்பதை எழும்பும் முன்னரே எண்ணி வைத்திருக்க வேண்டும்.

9-ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் சிறகு கட்டிப் பறந்த வரலாற்றை எழுதியோர், அவர் இறங்கும்போதே அடிபட்டார் என்கின்றனர். பறவை வாலின் துணையால் இறங்குவதை அவர் கருதவில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். இறங்குதலே பறத்தலின் கடினமான பாதி.

ஏடுகளையும் மறவற்க. பிரான்சில் எளிதாகக் கைமாறும் விமானம் இந்தியாவிலும் அவ்வாறே கைமாறாது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் பதிவும் பறக்கும் அனுமதியும் வேண்டும். பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். இலாசுப்பேட்டை விமான நிலையம் அருகில் இருப்பதனால் மட்டும் யாரும் அங்கிருந்து எழும்பிவிட இயலாது. இவற்றையெல்லாம் உசாவாமல் முன்பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.

இனி, அந்த இரண்டாவது இருக்கை. ஐரோப்பிய நாடுகள் நெடுங்காலம் இவ்வகை விமானத்திற்கு விதித்திருந்த மொத்த எடை 450 கிலோ. வெறும் விமானம் 260 கிலோ என்று கொள்வோம். எண்பது கிலோ எடையுள்ள இருவர் ஏறினால் மிஞ்சுவது 30 கிலோ. ஏறத்தாழ 40 லிட்டர் பெட்ரோலுக்கே அது சரியாகிவிடும். “பையையும் எடுத்துக்கொள்வோம், டாங்கியையும் நிரப்புவோம்” என்றால் கணக்கு பொய்த்துவிடும்.

தனியே பறப்பவர் தம் உயிரைப் பற்றித் தாமே முடிவு செய்கிறார். பக்கத்தில் மனைவியோ தம்பியோ அமரும்போது அவ்வுயிர் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். துணி கிழியும் அளவையும் எஞ்சின் ஓடிய மணியையும் அறியாமல் ஏறுபவர், நம்மை மட்டுமே நம்பி ஏறுகிறார்.

எனவே வாசகருக்கு நாம் கூறுவது இது: முதலில் பயிற்சி நிலையமொன்றில் சேர்ந்து பறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விமானத்தை, விற்பவருக்கு வேண்டாத ஒரு பரிசோதகரிடம் காட்டுங்கள். குறிப்பேடு இல்லாத விமானத்தை இனாமாகத் தந்தாலும் ஏற்காதீர்கள். வாங்கிய பின்னரும் பல மாதங்கள், காற்று அடங்கிய அதிகாலையில், தனியாகவே பறந்து பழகுங்கள். அதன் பிறகு பரிசோதகர் எழுதித் தந்த குறைகளை வீட்டாரிடம் ஒன்று விடாமல் படித்துக் காட்டுங்கள். கேட்டபின் அவர்கள் மனமுவந்து வந்தால் அழைத்துச் செல்லுங்கள்; வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.