முகப்புப் பக்கம் யாருக்காக?

இது எங்களைப் பற்றி நாங்களே சொல்லும் குறை.

நம்ம கோவில் இளைஞர்கள் அர்ச்சனை, உபயம், பால்குடப் பதிவுக்காக ஒரு மென்பொருள் செய்தாங்க. சம்பளம் வாங்காமல், ராத்திரி பூஜை முடிஞ்ச பிறகு உட்கார்ந்து செய்த வேலை. அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனா தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சிங்கப்பூரிலிருந்து ஓர் அம்மா வந்து நின்னாங்க. பேரனுக்காக வேண்டிக்கிட்ட பால்குடம். "தம்பி, எங்க பதியறதுன்னு தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கலையே" என்றார். பதிவு மூடி ரெண்டு நாள் ஆகியிருந்தது. எங்களால பதில் சொல்ல முடியல.

அன்றிரவே அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தோம். முதலில் கும்பாபிஷேகப் படங்கள். அப்புறம் நிர்வாகக் குழு படம், வரவேற்புரை, மென்பொருளின் பெருமைகள். பதிவு செய்யும் பொத்தான் கடைசியில்! ஜொகூரில் வார விடுமுறை 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. நம்ம பக்கத்தில் விடுமுறை நாள் பூஜை நேரம் இன்னும் வெள்ளி, சனிக்கே இருந்தது.

வர்றவங்களுக்காக இல்லை, நமக்காகவே நாம கட்டியிருக்கோம்.

இந்தத் தவறு நமக்கு மட்டும் இல்லை. 'டெபியன்' என்ற இயங்குதளத்தை 1993 முதல் உலகெங்கும் உள்ள தொண்டர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். கணினி தெரிந்தவர்கள்தான். அவர்களும் 2020 டிசம்பரில் தங்கள் முகப்புப் பக்கத்தைப் புதிதாக்கினார்கள். பழைய தகவல்களை நீக்கினார்கள். புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து முகப்பை மாற்றினார்கள். பதிவிறக்கும் பொத்தானை முகப்பிலேயே வைத்தார்கள். பெரிய மென்பொருளுக்கே அது தேவைப்பட்டது என்றால், நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

எங்கள் கருத்து இதுதான். திறந்ததும் நாலு விஷயம் போதும்: இன்றைய பூஜை நேரம், அர்ச்சனை, பால்குடம் மற்றும் காவடிப் பதிவு, கோவில் தொலைபேசி எண். பதிவு முடியும் தேதி பெரிய எழுத்தில், தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும். மற்றதெல்லாம் உள்ளே இருக்கட்டும்.

"குழு படத்தை எடுத்தா மரியாதை இல்லையே" என்று சிலர் வருத்தப்படுறாங்க. நியாயமான மனக்குறைதான். ஆனா உபயக்காரர் பெயரைச் சுவரில் கல்வெட்டாகப் பதிக்கிறோமே தவிர, சன்னதியை மறைத்து மாட்டுவதில்லையே! பக்கத்திலும் அவங்களுக்குத் தனி இடம் இருக்கும்.

ஒரு சின்ன உதவி செய்யுங்க. வீட்டுப் பாட்டியிடம் கைப்பேசியைக் கொடுத்து, நம்ம பக்கத்தில் ஓர் அர்ச்சனை பதியச் சொல்லுங்க. சொல்லித் தராதீங்க, பக்கத்திலிருந்து பாருங்க. எங்கே தடுமாறினாங்கன்னு கீழே எழுதுங்க. அடுத்த தைப்பூசத்துக்குள் சரி செய்வோம். அந்த அம்மாவின் பால்குடமும் அன்று நம்ம வாசலுக்கு வரணும்.

முருகா சரணம்.