மூக்கு சொன்னால்தான் கேட்கும்



முழு ஆண்டுத் தேர்வு முடிகிற நேரத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். ‘பிள்ளைகள் நாய் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். எது வாங்கலாம்?’ ஒரு காலத்தில் பொமரேனியன் கேட்டார்கள். ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரம் வந்ததும் பக். இப்போது பீகிள். தொங்கும் காது, மை தீட்டிய மாதிரி கண், பிளாட்டுக்குள் அடங்குகிற உருவம். யாருக்குத்தான் ஆசை வராது?

என் தம்பி வீட்டில் ஒன்று இருக்கிறது. பெயர் லட்டு. நான்கு வருடப் பழக்கத்தில் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

குணம் தங்கம். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் முதல் சம்பந்தி வரை எல்லோருக்கும் ஒரே வரவேற்புதான். காவலுக்கு நாய் தேடுகிறீர்களா? இது சரிப்படாது. திருடன் வந்தால் சத்தம் போடும். அடுத்த நிமிடம் அவன் பையில் தின்ன ஏதாவது இருக்கிறதா என்று மோந்து பார்க்கும்.

இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்த்த இனம் இது. கூட்டமாக ஓடும்; ஆட்கள் பின்னால் நடந்து வருவார்கள். கூட்டத்தோடு இருந்து பழகியதால் சண்டை போடாது, தனிமையும் தாங்காது. தூரத்தில் வருகிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக வந்த குரல், இன்று நம் மூன்றாவது மாடியில் ஒலிக்கிறது. மோப்பம் கிடைத்துவிட்டால் யார் உத்தரவுக்கும் காத்திருக்காது. அதற்காகத்தானே வளர்த்தார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வாக்கிங் கூட்டிப் போனேன். மூக்கு தரையை விட்டு எழவே இல்லை. வாலின் வெள்ளை நுனி மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. யாரோ மீன் கழுவிய தண்ணீரைக் காம்பவுண்டு ஓரம் ஊற்றியிருந்தார்கள். நின்றதுதான். “லட்டு, வாடா.” காது கூட அசையவில்லை. லீஷை இழுத்தேன், நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு கேரட்டை எடுத்தேன். நான் வாய் திறப்பதற்குள் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டது.

நாய்களின் புத்திசாலித்தனம் பற்றி ஸ்டான்லி கோரன் 1994-ல் எழுதிய புத்தகத்தில், சொன்ன பேச்சைக் கேட்கிற வரிசையில் பீகிளுக்கு 72-வது இடம். அதே பீகிள்தான் 1984 முதல் அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் மாம்பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிக்கிறது. மக்கு என்று எப்படிச் சொல்வது?

ஆகவே அடி, அதட்டல் எல்லாம் வீண். சாப்பாட்டு வேளைக்கு முன்னால், வயிறு காலியாக இருக்கும்போது, கேரட் துண்டு காட்டி ஐந்து நிமிடம் பழக்கினால் போதும். வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும். அப்பா ‘சிட்’, பிள்ளை ‘உட்கார்’, பாட்டி ‘உக்காருடா கண்ணு’ என்றால் அது யார் பேச்சைக் கேட்கும்? எவ்வளவு பழகினாலும் தெருவில் லீஷைக் கழற்றாதீர்கள். பூனை வாசம் வந்தால் நம் குரல் அதற்குக் கேட்காது.

கொடுக்கிற துண்டுகளை அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் கழித்துவிடுங்கள். பீகிள் சீக்கிரம் குண்டாகிற இனம். மிச்சம் மீதி சாம்பார் சாதம் வேண்டாம். வெங்காயம் நாய்க்கு ஆகாது. திராட்சையும் சாக்லேட்டும் அப்படியே. தொங்குகிற காதுக்குள் வாரம் ஒருமுறை பாருங்கள், ஈரம் தங்கிப் புண்ணாகும்.

இதைவிடப் பெரிய விஷயம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது. லட்டு வந்த புதிதில் தம்பியும் அவன் மனைவியும் ஆபீஸ் போனதும் ஊளை ஆரம்பிக்கும். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் ஒரு கும்பிடு எமோஜியோடு வேண்டுகோள் வந்தது. பிறகு எமோஜி இல்லாமல் வந்தது. ‘நான் பார்த்துக்குவேன்’ என்று சத்தியம் செய்து வாங்கவைத்த பையன் அப்போது எட்டாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ, காலையிலும் மாலையிலும் டியூஷன். பீகிள் 12 முதல் 15 வருடம் இருக்கும். உங்கள் பிள்ளைக்கு அப்போது என்ன வயது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்களேன்.

ஊளைப் புகார் வந்த அந்த நேரத்தில் தம்பி வீட்டுக்குக் கைகொடுத்தது எங்கள் அம்மா. ‘நாய் இருக்கிற வீட்டில் கால் வைக்க மாட்டேன்’ என்று ஊரிலேயே இருந்தவர், தம்பி கெஞ்சியதால் பத்து நாளைக்கென்று வந்தார். இப்போது காலை ஆறு மணி வாக்கிங் அவர் பொறுப்பு. கேரட் நறுக்கி டப்பாவில் போட்டு வைப்பதும் அவர்தான்.

போன வாரம் போன் செய்து, ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பவில்லையா என்று கேட்டேன்.

“லட்டுவுக்குப் புதன்கிழமை ஊசி போடணும்ப்பா. அது முடியட்டும், பார்க்கலாம்” என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்