லாபம் ஒன்று, வரி இரண்டு!

ஒருவர் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்குகிறார். விலை ஏறுகிறது. விற்கிறார். ஒரு லட்சம் டாலர் லாபம். அதற்கு எவ்வளவு வரி?

கனடா நாட்டில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. அது "மூலதன லாபம்" என்றால் பாதிதான் கணக்கு. 50 ஆயிரம் டாலர் மட்டும் அவருடைய வருமானத்தோடு சேரும். "வியாபார வருமானம்" என்றால் முழு லட்சமும் சேரும். ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு இந்த இரண்டு சொற்களில் தொங்குகிறது.

மாமரம் வைத்திருப்பவர் பழத்தை விற்றால் அது வருமானம். மரத்தையே விற்றால் அது மூலதனம். சரி, மரங்களை வாங்கி விற்பதே ஒருவருக்குத் தொழில் என்றால்? அவருக்கு மரமும் சரக்குதான்!

1,500 டன் ஈயம்

1972-க்கு முன் அங்கே மூலதன லாபத்துக்கு வரியே கிடையாது. ஆகவே, "நான் வியாபாரி அல்ல" என்று பலர் கோர்ட்டுக்குப் போனார்கள்.

ஓர் உலோகக் கம்பெனியின் தலைவர் சொந்தப் பொறுப்பில் 1,500 டன் ஈயம் வாங்கித் தம் கம்பெனிக்கே விற்றார். அந்த ஒரு தடவைதான். ஆனாலும் அது வியாபாரமே என்று 1956-ல் தீர்ப்பாயிற்று. ஆமாம், அவ்வளவு ஈயத்தை வீட்டில் வைத்து அழகா பார்க்க முடியும்?

கல்காரி நகரில் சிலர் கடைவீதி கட்ட நிலம் வாங்கினார்கள். பக்கத்திலேயே பெரிய கம்பெனி ஒன்று கடைவீதி கட்டப் போவதாக அறிவித்தது. இவர்கள் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை விற்றார்கள். கடைவீதி நடக்காவிட்டால் லாபத்துக்கு விற்கலாம் என்ற எண்ணமும் ஆரம்பத்திலேயே இருந்தது என்று கருதி, 1960-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை வருமானம் என்றது.

மனத்தில் இருப்பதை எப்படி அளப்பது? எத்தனை நாள் வைத்திருந்தார், எத்தனை தடவை விற்றார், கடன் வாங்கினாரா, அவர் தொழில் என்ன என்றெல்லாம் பார்க்கிறார்கள்.

ஒரு வருடக் கெடு

2023 முதல் வீடுகளுக்குப் புது விதி. 365 நாட்களுக்குள் விற்றால் லாபம் வியாபார வருமானமே. குடியிருந்த வீட்டுக்கு உள்ள விலக்கும் கிடையாது. சாவு, கடும் நோய், மணமுறிவு, தொலைதூர வேலை மாற்றம் போன்றவற்றால் விற்றவர்களுக்கு மட்டும் இந்த விதி இல்லை.

இது நியாயமான விதி. வீடு ஊறுகாய் ஜாடி அல்ல, கடைக்குக் கடை மாற்றி விற்க. கூலிக்காரரின் சம்பளம் முழுவதும் கணக்கில் சேரும்போது, வீட்டுத் தரகு வியாபாரிக்கு மட்டும் பாதிச் சலுகை எதற்கு?

ஒரு வருடம் பொறுத்து விற்றவர் தப்பிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அவரிடமும் அதிகாரிகள் பழைய கேள்வியைக் கேட்பார்கள்: "வாங்கும்போது உமது எண்ணம் என்ன?"