நரம்பின் நான்கு குற்றங்களும் விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்களும்

கித்தாருக்கான விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிடுவோர், சித்தூரில் இருந்தாலும் சிகாகோவில் இருந்தாலும், ஒரே சொற்பட்டியலையே கையாள்கின்றனர்: கதகதப்பு, இனிப்பு, மொறுமொறுப்பு. ஆங்கில விளம்பரத்தின் அடைமொழிகள் தமிழிலும் தெலுங்கிலும் அப்படியே பெயர்க்கப்பட்டுள்ளன. இவை கேட்பவரின் விருப்பத்தைச் சொல்கின்றன. ஒலி எங்கே பிழைத்தது என்பதைச் சொல்வதில்லை. அடைமொழியைக் கொண்டு ஒரு கருவியை விற்கலாம். இரண்டு கருவிகளை ஒப்பிட முடியாது.

ஒப்பிடுவதற்கான சொற்கள் தமிழில் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை யாழ் நரம்புக்கு நான்கு பகைகளைக் குறிப்பிடுகிறது. பண்ணோடு ஒன்றாத ஓசை செம்பகை. அளவு கடந்து ஒலிப்பது ஆர்ப்பு. மழுங்கி ஒலிப்பது கூடம். சிதறி ஒலிப்பது அதிர்வு. குற்றத்தைத் துல்லியமாகச் சுட்டும் சொல், எதைத் திருத்த வேண்டும் என்பதையும் சுட்டிவிடுகிறது. மரத்துக்கும் நரம்புக்கும் பிறந்த இந்த அளவுகோலை வால்வுக்கும் மின்மாற்றிக்கும் நீட்டுவதில் தடை ஏதும் இல்லை. மின்கித்தாரின் ஒலி நரம்பில் தொடங்கினாலும் ஆம்ப்ளிஃபயரில்தான் நிறைவு பெறுகிறது. எனவே அதுவும் கருவியின் உடலே.

யாருடைய இசைக்காக இந்த ஒப்பீடு என்ற கேள்வியும் உண்டு. திருப்பதியின் பெரிய அரங்குக்கு நாரதரின் வீணையான மகதியின் பெயர். திருமலையில் நாத நீராஜன மேடை. சித்தூர் என்ற ஊர்ப்பெயரை இசையுலகில் நிலைநாட்டியவர் 1954இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் மாணவர், லயத்தில் வல்லவர். கித்தாரில் கருநாடக இசையை வாசிக்கும் ஆர். பிரசன்னா பிறந்தது சித்தூருக்கு அண்டையிலுள்ள இராணிப்பேட்டையில். பாலகொல்லுவில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் எட்டு நரம்பு மாண்டலினை ஐந்து ஒற்றை நரம்புகள் கொண்ட மின்மாண்டலினாக மாற்றினார். கருவியைத் தன் இசைக்கு ஏற்பத் திருத்தலாம் என்று கலைஞர் காட்டிவிட்டார். ஆம்ப்ளிஃபயரை அப்படித் திருத்தக் கேட்டவர் அரிது.

முதலில் கூடம். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 85 வாட் கொண்டது. 'சுத்தமான ஒலி' என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர். அதன் ஒலிநிறச் சுற்று ஏறத்தாழ 400 முதல் 500 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் பள்ளம் விழும்படி அமைந்தது. சட்ஜமத்தை 262 ஹெர்ட்ஸில் வைத்தால் தைவதமும் நிஷாதமும் அந்தப் பள்ளத்தில் விழுகின்றன. மேற்கத்தியத் தாளக் கித்தாருக்கு அந்தப் பள்ளம் பளபளப்பு. அதே சுரங்களில் நின்று கமகம் வாசிப்பவருக்கு அது கூடம். தேவை எளியது: பள்ளத்தின் இடத்தைச் சுருதிக்கு ஏற்ப நகர்த்தும் ஒரு திருகு.

அடுத்தது ஆர்ப்பு. வால்வின் செழுமை முழுத்திறனை நெருங்கும்போதுதான் வெளிப்படும். கித்தாருக்கான ஸ்பீக்கர்களோ ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 100 டெசிபல் எழுப்பக்கூடியவை. மிருதங்கமும் வயலினும் உடனிருக்கும் கச்சேரியில் 85 வாட் ஆம்ப்ளிஃபயரை வாய் மூடிய நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். வாங்கியவர் விலை கொடுத்த செழுமை அவருக்குக் கிடைப்பதே இல்லை. மேசா பூகியின் மார்க் 5 ஆம்ப்ளிஃபயரில் திறனை 90, 45, 10 வாட் என்று மாற்றும் வசதி உண்டு. அந்தப் படிகள் ஒரு வாட்டுக்குக் கீழும் இறங்க வேண்டும் என்பது கச்சேரி மேடையின் கோரிக்கை.

செம்பகை இன்னும் நுட்பமானது. மிகையாக இயக்கப்பட்ட வால்வு இரண்டு சுரங்களைச் சேர்த்துப் பெருக்கும்போது அவற்றின் வேறுபாட்டு அதிர்வெண்ணையும் பிறப்பிக்கிறது. சட்ஜமம் 200, பஞ்சமம் 300 என்றால் பிறப்பது 100, அதாவது கீழ்ச் சட்ஜமம். ராக் இசைக்கு இந்தத் திரிபு இனிப்பதன் காரணம் இதுவே. ஆனால் சட்ஜம நரம்பு சுருதியாக ஒலிக்க, காந்தாரம் 240 முதல் 267 வரை அசைந்தால், வேறுபாடு 40 முதல் 67 வரை ஓடுகிறது. சுரம் இரண்டு அரைச்சுர அளவுக்குள் அசைய, அதன் நிழல் ஏறத்தாழ ஒன்பது அரைச்சுரம் தாவுகிறது. ராகத்துக்குச் சொந்தமில்லாத அந்த ஓட்டம்தான் செம்பகை. சுருதி நரம்புக்கும் வாசிக்கும் நரம்புக்கும் தனித்தனி உள்ளீடும் தனித்தனி முன்நிலை வால்வும் கொடுத்து, திரிபு நேராத இறுதிநிலையில் மட்டும் இரண்டையும் சேர்த்தால் இது நீங்கும்.

அதிர்வுக்கு மின்சாரமும் காரணம். 60 ஹெர்ட்ஸ் நாட்டில் வடிவம் பெற்ற ஆம்ப்ளிஃபயர், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கூடுதல் மின்னலைவைச் சந்திக்கிறது. மின்தேக்கிகள் போதாவிட்டால் 100 ஹெர்ட்ஸ் முனகல் ஒவ்வொரு சுரத்தோடும் கலந்து பேய்ச்சுரங்களை எழுப்பும். ஊர்த் திருவிழா மேடையில், ஜெனரேட்டர் மின்சாரத்தில், இது மேலும் கூடும். வோக்ஸ் ஏசி30 போன்றவற்றின் வால்வு அலைதிருத்தி பலத்த மீட்டலின்போது மின்னழுத்தத்தைச் சற்றே தாழவிடுகிறது. விளம்ப கால ஆலாபனைக்கு அந்தத் தளர்ச்சி துணை. சித்தூரார் வழியில் வரும் துரித கற்பனைச் சுரத்துக்கு அது தொடக்கத்தை மழுக்கும் இடையூறு. இரண்டு வகை அலைதிருத்திகளுக்கு இடையே மாற்றும் விசை மேசா பூகியின் டுவல் ரெக்டிஃபயரில் ஏற்கெனவே உண்டு. ஆகவே இக்கோரிக்கைகள் கற்பனையல்ல, கேட்கப்படாதவை மட்டுமே.

டிஜிட்டல் மாடலர் வந்தபின் இந்தப் பேச்சு எதற்கு என்பர் சிலர். மாடலர் போலச்செய்வது அதே ட்வின் ரிவெர்ப்பையும் அதே ஏசி30ஐயும்தான். பள்ளமும் உடன் நகலாகிறது. கருநாடக இசைக்கான சந்தை சிறியது என்பர் வேறு சிலர். சிறிய எண்ணிக்கையில் கையால் கட்டப்படுவதே இந்த உயர்விலை ஆம்ப்ளிஃபயர்களில் பலவற்றின் பெருமை. அங்கே சந்தையளவு ஒரு சாக்கு. தொழில்நுட்பம் அந்நியமானது என்ற வாதமும் நில்லாது. 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ், சித்தூர் மாவட்டத்துக்கு அடுத்த பெங்களூரில் ஒருகாலத்தில் வால்வுகளைத் தயாரித்தது. இ.எல். 84 என்ற வகை, அதாவது ஏசி30இல் நான்காக நிற்கும் அதே வால்வு, அங்கும் உருவானது.

எஞ்சும் பொறுப்பு ஆய்வுலகினுடையது. திருப்பதியில் இசைக் கல்லூரியும் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகமும், குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் உள்ளன. இசை, இயற்பியல், மொழியியல் மூன்றும் ஒருநாள் பயணத்துக்குள் கூடக்கூடிய வட்டாரம் இது. ஒரே கித்தார், ஒரே தோடி, நான்கு ஆம்ப்ளிஃபயர்கள், நான்கு குற்றங்களுக்கும் தனித்தனி அளவீடு என்று ஓர் ஒப்பீட்டை இங்கே நிகழ்த்திவிடலாம். அது நிகழும்வரை விலைப்பட்டியலே அளவுகோலாக இருக்கும். திருப்பதியில் வாசிக்கும் கலைஞர், தன் காந்தாரத்தை அறியாத ஒரு பெட்டிக்கு இலட்சக்கணக்கில் செலுத்திக்கொண்டிருப்பார்.