பூக்கூடையில் ஒரு கணக்குப் பாடம்

திருத்தணி மலையடிவாரத்தில் பூ விற்கும் ஓர் அம்மா, அவருக்கு ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் என்று வைத்துக்கொள்வோம். 3 − 8 எவ்வளவு என்றால் மகள் 5 என்று எழுதுகிறாள். −8, −3 இரண்டில் எது பெரியது என்றால், "எட்டுதான் பெருசு" என்கிறாள். வீட்டில் கிடைப்பது, "கவனமே இல்ல" என்ற திட்டு.

பாவம், அது கவனக்குறைவு இல்லை. ஆறாம் வகுப்பில் 'முழுக்கள்' பாடம் வரும்வரை, எண் என்றால் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று. மூன்று பழத்திலிருந்து எட்டுப் பழத்தை யார் எடுக்க முடியும்? பிரிட்டனில் பிரான்சிஸ் மாசரெஸ் என்ற கணித அறிஞர் இந்தக் குறை எண்கள் வேண்டாம் என்று 1758-இல் ஒரு புத்தகமே போட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தடுமாறுவதில் என்ன அதிசயம்?

திருத்தணிப் பிள்ளைகளுக்குக் கோயில் படிகள் தண்ணீர் பட்ட பாடு. ஆண்டின் நாட்களைப் போல 365 படிகள். மகளை இருபதாவது படியில் நிறுத்துங்கள். அதுதான் பூஜ்யம். மூன்று படி ஏறி, எட்டுப் படி இறங்கச் சொல்லுங்கள். தொடங்கிய இடத்துக்கு ஐந்து படி கீழே நிற்பாள். அதுதான் −5. −3 எந்தப் படி, −8 எந்தப் படி என்று கேளுங்கள். மேலே இருப்பது −3. மேல்படியில் இருப்பதே பெரிய எண்.

ஆனால் 50 − (−150) என்று வரும்போது படிகள் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. அம்மாவின் கடன் நோட்டுதான் கைகொடுக்கும்.

அம்மாவிடம் கையில் 200 ரூபாய். மல்லிகை கொடுத்த மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது 150. ஆக, சொந்தப் பணம் 50 ரூபாய்தான். பூ வாடிப்போனதைப் பார்த்த வியாபாரி, "அந்த நூத்தம்பதை விடும்மா" என்கிறார். இப்போது 200-ம் அம்மாவுடையது.

"கழிச்சா எப்படிம்மா கூடும்?"

"கடனைத்தானேடி கழிச்சாரு!"

அந்த 150, தினம் 50 வீதம் மூன்று நாள் கடன். மூன்று தடவை 50 ரூபாய்க் கடனை நீக்கினால் (−3) × (−50) = 150. இதைக் 'கடனைக் கடனால் பெருக்குவது' என்று சொல்லிக் குழப்ப வேண்டாம். ஒன்று ரூபாய், இன்னொன்று எத்தனை தடவை என்பது.

இந்த உதாரணம் புதிதல்ல. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் இந்த எண்களைத் 'தனம்', 'ருணம்' என்றுதான் அழைத்தார். அதாவது செல்வம், கடன். நாம் 'குறை எண்' என்கிறோம். எல்லை தாண்டி நகரிக்குப் போனால், தெலுங்குப் பாடத்தில் இன்றும் அது 'ருண' எண்தான். குறை என்ற சொல்லைவிடக் கடன் என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்குகிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் −3 − 5 என்ற கணக்குக்கு +8 என்று விடை வரும். ஏற்கெனவே மூன்று ரூபாய் கடன், மேலும் ஐந்து ரூபாய் கடன் வாங்கியாச்சு, இப்போது எவ்வளவு என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள்.