அன்பு காத்திருக்கும், நோய் காத்திராது

1964இல் வெளிவந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, நம் குமரி மாவட்டப் பனைமரங்களிடையே மலர்ந்த காதலைச் சொல்லும் நாவல். வீட்டுக்குள் அடைபட்ட லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ் மீதுள்ள அன்பை நெடுங்காலம் மனத்துக்குள்ளேயே காக்கிறாள். இறுதியில் இருவரும் மணம் புரிகின்றனர்.

திற்பரப்பிலும் சுற்றுவட்டாரத்திலுமிருந்து நோயாளிகளுடன் வருவோரிடம் அத்தகைய அன்பை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். கணவருக்கு வேளை தவறாது மருந்து கொடுக்கும் மனைவி, தமது சர்க்கரை நோய் மாத்திரையை மறந்துவிடுகிறார். கேட்டால், “எனக்கு ஒண்ணுமில்லை டாக்டர்” என்கிறார்.

லிஸியின் மௌனம் அவளுடைய காதலைக் காத்தது. உங்கள் மௌனமோ நோயைத்தான் வளர்க்கும் என்பதே எங்கள் கருத்து. அடுத்த முறை வரும்போது உங்கள் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் களைப்பையும் எங்களிடம் சொல்லுங்கள்.