இருபது செல்லுக்குள் அடங்காத ஊர்



கொண்டப்பநாயக்கன்பட்டி என்று பிரெயிலில் எழுதினால் 21 செல், அதாவது 21 புள்ளிக் கட்டங்கள், பிடிக்கும். அச்சில் போல அங்கே கொம்பும் காலும் எழுத்தைச் சுற்றி நிற்பதில்லை. 'கொ' என்றால் முதலில் க, அடுத்து ஒ, ஆக இரண்டு செல். மெய்யெழுத்தின் புள்ளி தனிச் செல்லாக எழுத்துக்கு முன்னால் வந்துவிடும். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் கடைசி இகரம் 21ஆவது. சிறிய பிரெயில் டிஸ்ப்ளேக்களில் இருப்பதோ 20 செல். சேலத்தில் சேர்வராயன் மலைக்குக் கீழே இருக்கும் இந்த ஊரின் பெயரை முழுதாகத் தடவிப் பார்க்க ஒரு முறை பொத்தானை அழுத்தி அடுத்த வரிக்குப் போயாக வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட வைத்தவர் அந்த ஊர் வாசகர்தான். வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை பார்ப்பவர். மகள் பதினோராம் வகுப்பு. பிறவியிலேயே பார்வை இல்லை. "பாப்பா பிரெயில் டிஸ்ப்ளே வேணும்ங்கிறாளுங்க. வெலையக் கேட்டா தலை சுத்துது. நகைய பேங்க்ல வெச்சாவது வாங்கிடலாம்ங்கிறா எங்க வீட்ல. வாங்கலாமுங்களா?" என்று தொலைபேசியில் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

பிரெயில் டிஸ்ப்ளேயைப் பார்த்திராதவர்களுக்கு: கணினியின் விசைப்பலகை அளவில், அல்லது அதில் பாதி அளவில், ஒரு பெட்டி. முன்விளிம்பில் வரிசையாகச் செல்கள். ஒவ்வொரு செல்லிலும் எட்டு ஊசிமுனைகள். லூயி பிரெயில் கண்டது ஆறு புள்ளிதான். கீழே கூடுதலாக உள்ள இரண்டும் பெரும்பாலும் கர்சர் எங்கே நிற்கிறது என்று காட்டப் பயன்படுகின்றன. கணினித் திரையிலோ கைபேசியிலோ உள்ள வரி இங்கே புள்ளிகளாக எழும்பும். படித்து முடித்துப் பொத்தானை அழுத்தினால் அத்தனையும் அமுங்கி அடுத்த வரி எழும்பும்.

விலை ஏன் இத்தனை? பல கருவிகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் பீசோ வகைப் பீங்கான் பட்டை ஒன்று இருக்கிறது. சுமார் 200 வோல்ட் கொடுத்தால் அது மயிரிழை அளவு வளைந்து ஊசியைத் தூக்கும். 40 செல் என்றால் 320 ஊசி, 320 பட்டை. உலகத்தில் இதை வாங்குகிறவர்களும் கொஞ்சம் பேர், செய்கிறவர்களும் கொஞ்சம் பேர். அதனால்தான் பெயர்பெற்ற 40 செல் கருவி அமெரிக்காவிலேயே 3000 டாலர் அளவில் விற்கிறது. இங்கே வந்து சேரும்போது லட்சக்கணக்கில் போய்விடுகிறது. விலையைக் குறைக்கும் முயற்சிகளும் நடக்காமல் இல்லை. ஆர்பிட் ரீடர் 20 என்ற கருவி அமெரிக்காவில் 449 டாலருக்கு வந்தது. ஐஐடி டெல்லி குழுவினர், சூடேறினால் சுருங்கும் உலோகக் கம்பியை வைத்து ஊசியைத் தூக்கும் வழியில் உழைத்தார்கள். அந்த உழைப்பில் பிறந்த டாட்புக் 2019இல் வெளிவந்தது. அதன் தயாரிப்பில் கைகோத்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்.

'போனே பேசுதே, அப்புறம் இது எதற்கு?' என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், தமிழும் படிக்கும். 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த சென்னைப் பெண் பெனோ ஜெபின், முழுப் பார்வையின்மையோடு அப்பணிக்குப் போன முதல் ஆள். அவருக்குத் துணை நின்றது ஜாஸ் என்ற பேசும் மென்பொருள். ஆகவே டிஸ்ப்ளே இல்லாவிட்டால் படிப்பே இல்லை என்று யாராவது விற்கவந்தால் நம்பாதீர்கள்.

ஆனால் தமிழுக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. பேசும் மென்பொருளை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறவர் காதில் பல்லியும் பள்ளியும் ஒன்றுதான். அரையும் அறையும் ஒன்றுதான். பரீட்சைக்குக் கேட்டே படித்த பிள்ளை, தானாக ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்யும்போது எழுத்துப்பிழை கொட்டுவது இதனால்தான். விரலுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. இடப்பக்க மூன்று புள்ளியும் எழுந்தால் ல. வலப்பக்க மூன்றும் எழுந்தால் ள. இடப்பக்கம் மூன்றோடு வலப்பக்கம் கீழ் இரண்டும் சேர்ந்தால் ழ. ஒரு முறை தடவினால் போதும், எந்த எழுத்து என்று ஆயுசுக்கும் நிற்கும். கணக்கிலும் இதே கதைதான். அடைப்புக்குறி எங்கே திறந்து எங்கே மூடுகிறது, வர்க்கம் எதற்கு மட்டும் என்பதெல்லாம் காதில் கேட்டு மனதில் நிறுத்தக்கூடிய சங்கதியா? பார்வையுள்ள நமக்கே தாள் வேண்டியிருக்கிறது.

யாருக்கு இது பயன்படும் என்பதில் ஒரு பிரிவு இருக்கிறது. என் கணக்கில் விலையைவிட இதுதான் முக்கியம். சர்க்கரை நோயால் ஐம்பது வயதுக்கு மேல் பார்வை போனவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், தயங்காமல் 'இப்போதைக்கு வேண்டாம்' என்றிருப்பேன். பல ஆண்டு சர்க்கரையில் சிலருக்கு விரல்நுனி உணர்வும் மங்கிவிடும். பிரெயிலைப் புதிதாகக் கற்க ஆசையிருந்தால் சில நூறு ரூபாய் சிலேட்டும் ஊசியும் போதும். சரளமாகப் படிக்க வந்த பிறகு டிஸ்ப்ளேயைப் பற்றி யோசிக்கலாம். கருவி பிரெயில் சொல்லித்தராது. தெரிந்தவருக்குத்தான் அது புத்தகம்.

கொலுசுக்காரர் மகள் சின்ன வகுப்பிலிருந்தே பிரெயில் படிக்கிற பெண். அவளுக்குப் பயன்படும், சந்தேகமே இல்லை. பிரெயிலில் ஒரு பாடநூல் பல தொகுதியாகப் பெருத்து அலமாரியை அடைக்கும். கருவியிலோ மெமரி கார்டில் அடங்கிவிடும். 20 செல் போதுமா என்றார். போதும். ஊர்ப் பெயர் அடங்காவிட்டால் குடி முழுகிவிடாது. கதை, பாடம் படிக்க 20 செல்லில் ஓட்டலாம். நீளமான சமன்பாடும், நாள் முழுக்கக் கணினியில் வேலையும் என்றால்தான் 40 செல்லின் அருமை தெரியும். அதை அவள் கல்லூரிக்கோ வேலைக்கோ போகும்போது யோசிக்கலாம்.

நகையை அடகு வைக்க மட்டும் வேண்டாம் என்றேன். முதலில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி கிடைக்குமா என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் பாப்பாவின் கையில் கருவியைக் கொடுத்துப் பாருங்கள், கடைக்காரர் காட்டும் ஆங்கில மாதிரியில் அல்ல, அவளுடைய தமிழ்ப் பாடத்தில். பேச்சை அணைத்துவிட்டு விரலால் மட்டும் பத்து நிமிடம் படிக்கட்டும். அவள் வைத்திருக்கும் போனோடு ப்ளூடூத்தில் ஒட்டுகிறதா, ஊசிகள் எழும்பும் சத்தம் வகுப்பறையில் தொந்தரவாகுமா, ஒவ்வொரு செல்லுக்கும் மேலே கர்சரை அங்கே கொண்டுபோகும் பொத்தான் உண்டா என்று பாருங்கள். மலிவான சிலவற்றில் அந்தப் பொத்தான் இருக்காது. நிறைய எழுதித் திருத்துகிறவர்களுக்கு அது பெரிய குறை. வேர்வைக் கையும் தூசியும் பட்டு ஊசி சிக்கிக்கொண்டால் யார் பழுது பார்ப்பார்கள், எத்தனை வாரமாகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேலத்து வெயிலில் இது வெட்டிப் பயமல்ல.

கருவி வந்த பிறகும் படிக்கப் புத்தகம் வேண்டுமே. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு டிஸ்ப்ளேயில் வெறும் குப்பையாகத்தான் வரும். ஸ்கேன் செய்த பக்கத்தில் ஒன்றுமே வராது. யூனிகோடை ஏற்று தமிழக அரசு 2010இலேயே ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் பதிப்பாளர்களிடம் கோப்பு கேட்டால் இன்றும் பழைய எழுத்துருவில் நீட்டுகிறார்கள். பார்வையற்றோருக்காக நூல்களை மாற்றித்தர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு நம்முடையது. 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் பதிந்துகொண்டால் படிக்கத்தக்க வடிவில் நூல்கள் கிடைக்கும். அங்கே தமிழ் வரிசை நீள வேண்டுமானால் பதிப்பாளர்கள் மனது வைக்க வேண்டும்.

இன்னொரு ஆசையும் உண்டு. அமெரிக்காவில் பார்வையற்ற வாசகர்களுக்கு அரசு நூலகமே பிரெயில் டிஸ்ப்ளேயை இலவசமாக இரவல் தருகிறது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்ட மைய நூலகங்கள் ஆளுக்கு நான்கு கருவி வாங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் இரவல் தந்தால் என்ன? கோடிக்கணக்கில் ஆகிற காரியமில்லை. நூலகத்துறையில் இருக்கும் வாசகர்கள் இதைக் கொஞ்சம் மேலே எடுத்துச் செல்லுங்கள்.

டிஸ்ப்ளேயை இரண்டு மூன்று வருஷமாகப் பயன்படுத்துகிறவர்கள் நம் வாசகர்களில் இருப்பீர்கள். எந்தக் கருவி, என்ன விலைக்கு வாங்கினீர்கள், எப்போது பழுதானது, யார் சரிசெய்தார்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன். பிரெயிலிலேயே எழுதி அனுப்பினாலும் சரிதான், படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. பிரெயில் தபாலுக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதில்லை. உறையின் மேல் மட்டும் அது பிரெயில் என்று எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்